இறால் குட்டையிலிருந்து பாமாயில் பாக்கெட் வரை: உலகச் சந்தையும் காவிரி டெல்டாவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்களுக்குத் தலைஞாயிறு பக்கம். கடைமடை, அதாவது காவிரி வாய்க்கால்கள் முடியும் கடைசிப் பகுதி. உழவர் கூட்டங்களிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போனில் கேட்டதும் இதில் உண்டு. தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் நெல் போடுகிறோம், கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உலகச் சந்தைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

நெல் விலையை மட்டும் பார்த்தால் சம்பந்தம் குறைவுதான். டெல்டா நெல்லில் பெரும்பகுதி நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போய் ரேஷன் அரிசியாகிறது. விலையை அரசு வைக்கிறது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு 2023 ஜூலை 20-இல் தடை போட்டு 2024 செப்டம்பர் 28-இல் எடுத்தது. அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசியவர்கள் வியாபாரிக்குச் சன்னரகம் விற்பவர்கள் மட்டும்தான்.

ஆனால் அதே வயலுக்குப் போடும் பொட்டாஷ் கப்பலில் வருகிறது. நெல் வயலில் அறுப்புக்கு முன் விதைக்கும் உளுந்துக்கு விலை வைப்பது மியான்மர் வரத்து. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் இறால் குட்டை அமெரிக்கக்காரன் சாப்பாட்டை நம்பி வெட்டியது. நெல்லைத் தவிர மற்ற எல்லா வழியிலும் சந்தை ஊருக்குள் வந்துவிட்டது.

இந்த இறால் குட்டைகள் எப்போது, எப்படி வந்தன?

1990-களின் தொடக்கத்தில். அதற்கு முன்பும் முகத்துவாரத்தில், காயலில் இறால் பிடித்தோம், அடைத்தும் வளர்த்தோம். அது வேறு கணக்கு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. வங்கிகள் கடன் கொடுத்தன. அந்நியச் செலாவணி வரும் என்று அரசும் ஊக்கம் கொடுத்தது. சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோர நிலங்களை வெளியூர்க் கம்பெனிகள் வாங்கின. பருவம் தவறி நெல் பொய்த்த வருஷமாகப் பார்த்து வந்தவர்களும் உண்டு. கடனில் இருப்பவன் ஏக்கருக்கு என்ன கொடுத்தாலும் எழுதிக் கொடுப்பான்.

அப்போது வளர்த்தது கறுப்பு டைகர் இறால். உவர்நீர் வேண்டும். கடலிலிருந்து மோட்டார் வைத்து இழுத்துக் குட்டையை நிரப்புவார்கள். தீவனம், மருந்து, கழிவு எல்லாம் கலந்த தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுவார்கள். 1994-95-இல் வெண்புள்ளி வைரஸ் வந்து குட்டை குட்டையாகச் செத்து மிதந்தது. நாற்றத்தில் அந்தப் பக்கம் சைக்கிளில் போக முடியாது. கம்பெனிகள் பல கைகழுவிவிட்டுப் போயின. வெட்டிய நிலம் வெட்டிய மாதிரியே கிடந்தது.

உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னதே? அப்புறமும் எப்படி இருக்கின்றன?

சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் 1994-இல் வழக்குப் போட்டார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் அதற்கு முன்பிருந்தே நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தவர்கள். அவர்கள் கண்ணெதிரே நிலம் எதிர்த்திசையில் போனது. 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக மாற்றக் கூடாது, வேலை இழப்பவர்களுக்கு ஆறு வருஷக் கூலி தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பாரம்பரிய முறைக்கு விலக்கு. நாக்பூரில் இருக்கும் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி போட்ட கணக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது: இறால் விற்று வரும் வருமானத்தைவிட, சூழலுக்கும் ஊருக்கும் ஆகும் நட்டம் அதிகம்.

என் பார்வையில் இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான வாக்கியம் இல்லை. இறாலின் ஏற்றுமதி விலையில் கிணறு கெட்ட கணக்கு கிடையாது. நீரி அதைச் சேர்த்துப் பார்த்தது, லாபம் நட்டமாகிவிட்டது.

தீர்ப்பு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. சீராய்வு, தடை என்று இழுத்து, 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டு விதிப்படி நடத்தலாம் என்றாயிற்று. அதை 2023-இல் திருத்தி இன்னும் இளக்கினார்கள். 2009-இல் வனமை இறாலுக்கு அனுமதி கிடைத்தது. பசிபிக் கடலோர லத்தீன் அமெரிக்காதான் அதற்குச் சொந்த ஊர். நெருக்கமாக விட்டு வளர்க்கலாம், உப்புக் குறைந்த தண்ணீரிலும் பிழைக்கும். அதனால் குட்டைகள் கடலோரத்தை விட்டு உள்ளே நகர்ந்தன. முன்பு கம்பெனிக்காரன் வந்தான். இப்போது குட்டை போடுபவர்களில் நம்மாட்களும் இருக்கிறார்கள், லீசுக்கு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இதனால் யாரை எதிர்ப்பது என்பதும் சிக்கலாகிவிட்டது. போராட்டத்துக்கு வந்தவன் மச்சானே குட்டை வைத்திருக்கிறான்.

பக்கத்து வயலுக்கு உப்பு எப்படி வருகிறது? நிலத்தை மீட்க முடியாதா?

எங்கள் ஒன்றரை ஏக்கர் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. வரப்புக்கு அடுத்து ஒரு கரை, கரைக்கு அந்தப்பக்கம் குட்டை. ராத்திரி முழுக்க, காற்றைக் கலக்கும் ஏரியேட்டர் சக்கரம் தண்ணீரைத் தட்டும் சத்தம் கேட்கும். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் கரையோரம் இரண்டு பாத்தி நாற்று நுனி கருகியது. வெயில் காலத்தில் மண் மேல் வெள்ளையாகப் பூத்தது, விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. கொல்லையில் இருந்த கைப்பம்புத் தண்ணீரில் அம்மா பருப்பு வேகவில்லை என்றார். அதற்கப்புறம் குடிக்க, சமைக்க எல்லாம் தெருக் குழாய்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், எல்லா உப்பும் குட்டையிலிருந்து வந்ததில்லை. காவிரியில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் கடைமடைக்கு நல்ல தண்ணீர் வருவதில்லை. ஆழ்குழாய் அதிகமாகி நிலத்தடி நீர் இறங்கினால் கடல் உள்ளே ஏறுகிறது. 2004 சுனாமியும் தன் பங்குக்கு உப்பை விட்டுப் போனது. குட்டை இருக்கும் இடத்தில் இவை எல்லாம் சேர்ந்து வேகம் பிடிக்கின்றன.

மீட்பு உண்டு, ஆனால் நல்ல தண்ணீர் வேண்டும். வயலில் கட்டி நிறுத்தி, உப்பைக் கரைத்து, வடித்து, மறுபடி கட்ட வேண்டும். வடிகால் தூர்ந்திருந்தால் அந்த வேலை வீண். களர் மண்ணாக (சோடியம் ஏறி இறுகிய மண்) இருந்தால் மண் பரிசோதனை செய்து ஜிப்சம் போட வேண்டும். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் நல்லது. திருச்சியில் வெளியிட்ட டிஆர்ஒய் நெல் ரகங்கள் உவரைத் தாங்கும். எங்கள் பெரியவர்கள் குழிவெடிச்சான், களர்பாலை என்ற பழைய நெல் ரகங்களைப் போட்டார்கள். விளைச்சல் குறைவு, ஆனால் அந்த மண்ணில் அவை நிற்கும்.

அமெரிக்கா இறாலுக்கு வரி போட்டது. குட்டைகள் மூடினால் நமக்கு நல்லதுதானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானது. நம் இறாலுக்கு அமெரிக்காதான் மிகப்பெரிய சந்தை. இறாலுக்கு அதற்கு முன்பே பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் (மலிவு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) இருந்தது. வியாபாரி உடனே விலையைக் குறைத்துக் கேட்டார். இறால் விலை கவுண்ட் கணக்கு. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். ஐம்பது கவுண்டில் பிடிப்பதா, இன்னும் பதினைந்து நாள் தீவனம் போட்டு நாற்பதுக்குக் கொண்டு வருவதா என்று கரையில் நின்று கணக்குப் போடுவார்கள். ஐஸ் பெட்டி வண்டி வரப்பில் காத்திருக்கும்.

விலை இறங்கும்போது முதலில் வெட்டுவது எந்தச் செலவை? கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து விட வேண்டிய குட்டையை. அதில் இறால் வளர்க்க முடியாது, அது வெறும் செலவு. நட்டத்தில் இருப்பவன் நேராக வடிகாலில் திறந்துவிடுவான். முழுக்க நொடித்தவன் விட்டுவிட்டுப் போவான். கைவிட்ட குட்டையை யாரும் மூடித் தருவதில்லை. சீமைக்கருவேலம் முளைத்து நிற்கும். மண் உப்பாகவே இருக்கும். பண்ணை ஏறும்போது ஒரு கேடு, இறங்கும்போது இன்னொரு கேடு. குட்டையை மூடி நிலத்தைச் சரிசெய்ய ஒரு வைப்புத்தொகையை முதலிலேயே கட்டச் சொன்னால் ஒழிய இது தீராது என்பது என் கருத்து.

வெளிநாட்டு விதியால் நம் சூழலுக்கு நல்லது நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது, கோணலாக. கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும். வலையில் ஆமை வெளியேறும் வழி வைக்காத நாடுகளிலிருந்து கடலில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு ஒரு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா அந்த விதியை நாட்டுக்கு நாடு பாகுபாடாக நடத்தியது தவறு, ஆனால் ஆமையைக் காப்பாற்ற விதி போடுவதே தவறு என்று சொல்ல முடியாது. இன்றைக்கு நிலைமை என்னவென்றால், 2019 முதல் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, பண்ணை இறாலை வாங்குகிறது. ஆமைக்காகப் போட்ட தடை குட்டைக்காரனுக்குச் சாதகமாகிவிட்டது. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் நேரடிப் பலன் உண்டு. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் பண்ணை இறாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதா என்று பத்துச் சரக்குக்கு ஒன்று பார்த்த சோதனையை இரண்டுக்கு ஒன்றாக ஏற்றியது. ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் எத்தனை பேர் கழுத்தில் கத்தி என்று தெரிந்ததும், மருந்துக் கடையில் கண்டதை வாங்கி ஊற்றுகிற பழக்கம் குறைந்தது.

கடலட்டையை நாம் பிடித்தால் ஜெயில், இலங்கையில் பிடித்தால் ஏற்றுமதி. இது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி. 2001-இல் கடலட்டையை இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலி மாதிரி. இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். வாங்குவது சீனா, ஹாங்காங், சிங்கப்பூர். ஒரே பாக் நீரிணை, ஒரே பிராணி, இரண்டு சட்டம். அதனால் இங்கே பிடித்துக் காயவைத்து ராத்திரியில் படகேற்றி அங்கே அனுப்புகிறார்கள். கடலின் அடிமண்ணைத் தின்று சுத்தம் செய்யும் பிராணி அது, காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் வாங்குகிற ஊரில் கட்டுப்பாடு இல்லாமல் விற்கிற ஊரில் மட்டும் பூட்டுப் போட்டால், விலை ஏறி, திருட்டுக்குத்தான் லாபம்.

உளுந்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு?

இதை யாரும் கேட்பதில்லை, ஒரே ஒருவர்தான் கேட்டார். இறாலைவிட இது எனக்குப் பெரிய விஷயம்.

சம்பா, தாளடிப் பருவ நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்போம். கால் பதியும் ஆனால் புதையாது, அந்தப் பதம். நெல் அறுக்கும்போது உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். அப்புறம் உழவில்லை, பாசனமில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான். பூக்கும்போது டிஏபி உரக் கரைசல் தெளித்தால் உண்டு. ஆடுதுறை 3 ரகம் எழுபது எழுபத்தைந்து நாளில் வந்துவிடும். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துவிட்டுப் போகும். அடுத்த குறுவைக்கு அவ்வளவு யூரியா மிச்சம். செலவில்லாமல் மண்ணைத் தேற்றும் பயிர் இதைப்போல் வேறில்லை.

இப்போது இதற்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்று, செயின் வைத்த அறுவடை இயந்திரம். முளைத்த உளுந்தை மிதித்துவிடுகிறது. இன்னொன்று, 2021 மே மாதத்திலிருந்து உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இல்லை. பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருகிறது. நகரத்தில் இட்லி விலை ஏறக் கூடாது என்பதற்காகச் செய்தது, அதுவும் புரிகிறது. ஆனால் பங்குனி, சித்திரையில் நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது துறைமுகத்தில் கப்பல் நின்றால் விலை படுத்துவிடும். இரண்டு வருஷம் அடி வாங்கியவன் மூன்றாம் வருஷம் என்ன செய்வான்? ஆழ்குழாய்க் கிணறு இருந்தால் கோடை நெல் நடுவான். இல்லாவிட்டால் பருத்தி, அதற்கு மருந்து அடித்து மாளாது. நிலத்தடி நீரை இறைப்பதும் மருந்து அடிப்பதும் அவன் ஆசைப்பட்டுச் செய்வதில்லை. பருத்தியும் பத்திரமான இடமில்லை, 2025 ஆகஸ்டில் அதன் இறக்குமதி வரியைத் தற்காலிகமாக எடுத்தார்கள்.

உர விலை ஏறினால் இயற்கை விவசாயம் வளருமா?

ஏறுவதே நமக்குத் தெரியாது. உக்ரைன் போர் வந்த 2022-இல் உலகச் சந்தையில் உரம் தாறுமாறாக ஏறியது, 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு அதே 266 ரூபாய் 50 காசு. மீதியை மானியம் தாங்குகிறது. டிஏபியும் பொட்டாஷும் அந்த அளவுக்கு மலிவில்லை, சில சமயம் சொசைட்டியில் இருப்பும் இருக்காது. அதனால் கைக்குக் கிடைத்த யூரியாவையே இரட்டிப்பாகப் போடுகிறோம். பயிர் கருகருவென்று பச்சையாக நிற்கும், பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும், அதற்கு மருந்து.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் போராட்டமும் இதில் சேருமா?

சேரும். நாடு கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. வெளியே விலை ஏறினால் உள்ளூரில் தோண்டும் அவசரம் கூடும். மன்னார்குடி மீத்தேன் திட்டம் 2010-இல் வந்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். 2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களில் போராட்டம். 2020-இல் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய எண்ணெய், எரிவாயுத் தோண்டலைத் தடுத்தது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை.

மேற்கே, திருப்பூர் பக்கம் நடப்பது நம்மைப் பாதிக்குமா?

ஆறு அங்கிருந்துதானே வருகிறது. திருப்பூர் பனியன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது, சாயக் கழிவு நொய்யல் வழியாக வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானது. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் போனார்கள். சட்டையை வாங்கியவர்கள் அந்தச் செலவுக்கென்று கூடுதலாக என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் அங்குள்ள முதலாளிகள் சிரிப்பார்கள்.

பாரம்பரிய அரிசியை ஏற்றுமதி செய்தால் நிலமும் பிழைக்கும், பணமும் வரும் இல்லையா?

சிலருக்கு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கறுப்புக் கவுனிக்கும் வெளியே கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏற்றுமதிக்கு வேண்டிய இயற்கைச் சான்றிதழ் வாங்க மூன்று வருஷம் வரை மாற்றுக் காலம், ஆய்வுக் கட்டணம், பதிவேடு. ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு), இரண்டு மா வைத்திருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தால் அதற்கும் நீங்கள்தான் இடைவெளி விட வேண்டும்.

எப்போதும் நாம்தான் பாதிக்கப்படுகிறோமா?

இல்லை. நம் அடுப்பைப் பாருங்கள். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். டெல்டாவில் பாதி வீட்டில் வடையும் அப்பளமும் அதில்தான் வேகின்றன. அது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது இந்தியா. சுமத்ராவிலும் காலிமந்தானிலும் காட்டை அழித்து, சதுப்பை வடித்து எண்ணெய்ப் பனை வைத்தார்கள். அங்கே இருக்கும் ஒரு விவசாயி நம்மைப் பற்றி என்ன நினைப்பான்? நாம் அமெரிக்கக்காரனைப் பற்றி நினைப்பதைத்தான். காடு அழித்து விளைவித்த பாமாயிலை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் கொண்டுவந்தது, அமலாக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போடுகிறது. நம்மிடம் அப்படிக் கேள்வியே இல்லை.

அதே பாமாயில் நம் தென்னைக்கும் போட்டி. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி கன்று வைத்த பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள்: ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று. நான் இந்தக் கோரிக்கைக்கு முழு ஆதரவு. வீட்டில் ஒருநாள் அத்தையிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். வாணலியிலிருந்து வடையை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "சரிடா, தேங்காய் எண்ணெயும் இருபத்தஞ்சு ரூபாய்க்கு வாங்கிட்டு வா, நாளைக்கே மாத்திடறேன்" என்றார்.